மயக்கத்தில் இருப்பவரின் சுவாசப்பாதை சிக்கும்போது: முன்தயாரிப்பு முதல் மீட்பு அறை வரை முழு வழிகாட்டி

மயக்கவியல் பயிற்சியின் முதல் ஆண்டுகளில் இருப்பவர்களுக்கும், பக்கத்தில் நின்று கைகொடுக்கும் செவிலியர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் இது எழுதப்பட்டது. சுவாசப்பாதைச் சிக்கல்களில் புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். கூப்பிட வேண்டிய ஆளைக் கடைசியில் கூப்பிடுகிறார்கள். நிறுத்த வேண்டிய முயற்சியை இன்னொரு தடவை பார்க்கிறார்கள். மானிட்டரில் கார்பன் டை ஆக்சைடு கோடு தட்டையாக ஓடும்போது ஸ்டெதஸ்கோப்பைத் தேடுகிறார்கள்.

நுரையீரலுக்கு ஆக்சிஜன் போக வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் போடும் ட்யூப் அதற்கான வழிகளில் ஒன்று. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த இரண்டு வரியிலிருந்துதான் வருகிறது. தனியாகக் குறிப்பிடாத இடங்களில் மருந்தளவு பெரியவர்களுக்கானது. உங்கள் மருத்துவமனைக்கென நெறிமுறை இருந்தால் அதை முதலில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

1. மயக்கம் கொடுக்கும் முன் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை

சக்ஷன் (வாயிலும் தொண்டையிலும் உள்ளதை உறிஞ்சும் கருவி) ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முனை தலையணைக்கு அடியில், வலது கைப்பக்கம். "இருக்கிறது" என்பது போதாது. விரலை வைத்து இழுக்கிறதா என்று பாருங்கள். வாந்தி மேலே வந்த பிறகு குழாய் கழன்றிருப்பதைக் கண்டுபிடிப்பது அடிக்கடி நடக்கும் கதை.

இரண்டு லாரிங்கோஸ்கோப் (நாக்கைத் தூக்கிக் குரல்வளையைக் காட்டும் கருவி) பிளேடுகள், விளக்கு எரிவதைப் பார்த்து. வீடியோ லாரிங்கோஸ்கோப் இருந்தால் உறையிலிருந்து வெளியே எடுத்து. நினைத்த அளவு ட்யூப் ஒன்று, அதைவிட அரை அளவு சிறியது ஒன்று, இரண்டின் கஃப்பும் (ட்யூப்பைச் சுற்றி ஊதி அடைக்கும் பை) ஊதிப் பார்த்து. பூஜி (ட்யூப்பை வழிநடத்தும் மெல்லிய, நீண்ட கம்பி). வாய்வழி, மூக்குவழி ஏர்வேக்கள் (நாக்கு தொண்டையை அடைக்காமல் காற்றுக்கு வழிவிடும் குழாய்கள்). எல்.எம்.ஏ. (குரல்வளைக்கு மேல் உட்காரும் லாரிஞ்சியல் மாஸ்க் ஏர்வே) ஒன்று, நோயாளியின் எடைக்கேற்ற அளவில்: கிளாசிக் எல்.எம்.ஏ. என்றால் 30 முதல் 50 கிலோவுக்கு 3, 50 முதல் 70 வரை 4, 70 முதல் 100 வரை 5. வயிற்றுக்கான தனித்துளை உள்ள இரண்டாம் தலைமுறை வகை கிடைத்தால் அதையே எடுங்கள். தொண்டைக்குள் நன்றாக அடைத்து உட்காரும், வயிற்றில் உள்ளதை உறிஞ்சவும் வழி தரும். அளவு எண்கள் வகைக்கு வகை மாறும் என்பதால் உறையில் உள்ள எடையைப் படித்துவிடுங்கள்.

10ஆம் எண் பிளேடு பொருத்திய ஸ்கால்பெல், பூஜி, 6.0 அளவு கஃப் உள்ள ட்யூப்: இந்த மூன்றும் ஒரே உறையில், எந்த அலமாரியில் என்று எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும். 7ஆம் பகுதியில் இது ஏன் என்று தெரியும்.

சக்சினைல்கோலின் (வேகமான தசைத் தளர்ச்சி மருந்து), அட்ரோபின் (இதயத்துடிப்பைக் கூட்டும் மருந்து), கூடுதல் ப்ரோபோஃபால் (மயக்க மருந்து) ஆகியவற்றை சிரிஞ்சில் ஏற்றிப் பெயர் ஒட்டி வையுங்கள். குழந்தை என்றால் எடைக்கான மில்லிலிட்டர் கணக்கை முன்கூட்டியே தாளில் எழுதி மெஷினில் ஒட்டுங்கள். சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதம்) 60க்கு இறங்கும்போது யாருக்கும் வகுத்தல் கணக்கு வராது.

2. பார்ப்பது, பிறகு வாய்விட்டுச் சொல்வது

வாய் திறப்பு 3 விரல் அகலம் இருக்கிறதா, தாடையை முன்னால் தள்ள முடிகிறதா, கழுத்து பின்னால் சாய்கிறதா, முன்பு மயக்கம் கொடுத்தபோது சிரமம் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். தாடி, பல் இல்லாத வாய், அதிக எடை, தூக்கத்தில் மூச்சு நிற்கும் பழக்கம் ஆகியவை மாஸ்க் சரியாக உட்காராது என்பதற்கான அறிகுறிகள்.

கழுத்தின் முன்பக்கத்தைத் தொட்டு, தைராய்டு குருத்தெலும்புக்கும் கிரிகாய்டு வளையத்துக்கும் நடுவே உள்ள மென்சவ்வைக் கண்டுபிடியுங்கள்; கழுத்து வழியாகப் போக நேர்ந்தால் துளைக்கும் இடம் அதுதான். கிடைக்கச் சிரமமாக இருந்தால், நோயாளி விழித்திருக்கும்போதே அல்ட்ராசவுண்டில் பார்த்துத் தோலில் கோடு போடுங்கள். இதைத் தேடக் கழுத்து அமைதியாக இருக்கும் நேரம் இது ஒன்றுதான்.

பிறகு திட்டத்தை அறையில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: "முதலில் வீடியோ ஸ்கோப்பில் பார்க்கிறேன். வரவில்லை என்றால் எல்.எம்.ஏ. அதுவும் ஆகவில்லை என்றால் மாஸ்க். எதுவும் ஆகவில்லை என்றால் கழுத்து." சொல்லிவைத்தால், நீங்கள் பதற்றத்தில் ஒரே வழியில் சிக்கிக்கொள்ளும்போது பக்கத்தில் இருப்பவருக்கு அடுத்த படியை நினைவூட்டும் உரிமை வந்துவிடுகிறது.

மாஸ்க், ட்யூப், எல்.எம்.ஏ. மூன்றும் சிரமம் என்று தோன்றினால் தூங்க வைக்காதீர்கள். விழிப்பு நிலையில் மரப்பு மருந்து கொடுத்து ஃபைபர்ஆப்டிக்கிலோ (வளைந்து போகும் காட்சிக்குழல்) வீடியோ ஸ்கோப்பிலோ ட்யூப் போடுவது நேரம் பிடிக்கும். ஆனால் அந்த நேரம் முழுவதும் நோயாளி தானே மூச்சு விடுகிறார்.

3. ஆக்சிஜன் நிரப்புதல்: அவசரப்படக் கூடாத 3 நிமிடங்கள்

சாதாரணக் காற்றை மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு மூச்சை நிறுத்தினால் சாச்சுரேஷன் 1 நிமிடத்தை ஒட்டி விழத் தொடங்கும். நுரையீரலில் உள்ள நைட்ரஜனை வெளியேற்றி ஆக்சிஜனால் நிரப்பினால், ஆரோக்கியமான பெரியவருக்கு ஏறக்குறைய 8 நிமிடம் கிடைக்கும். அதிக எடை உள்ளவர், கர்ப்பிணி, சிறு குழந்தை ஆகியோருக்கு இதில் பாதிகூடக் கிடைக்காது. நுரையீரல் சேமிப்பு குறைவு, செலவு அதிகம்.

தலைப்பக்கத்தை 20 முதல் 25 டிகிரி உயர்த்துங்கள். ஆக்சிஜன் நிமிடத்துக்கு 10 லிட்டருக்குக் குறையாமல், மாஸ்க் இடைவெளி இல்லாமல், 3 நிமிடம் சாதாரண மூச்சு. நேரமில்லை என்றால் 1 நிமிடத்தில் 8 ஆழ்ந்த மூச்சு. முடிந்ததற்கு அடையாளம் கடிகாரத்தில் இல்லை. வெளிமூச்சில் ஆக்சிஜன் 90 சதவீதத்தைத் தொட வேண்டும்.

புதியவர்கள் செய்யும் தவறு மாஸ்க்கை முகத்துக்கு அரை அங்குலம் மேலே பிடிப்பது. நோயாளிக்கு மூச்சு முட்டுமே என்ற நல்லெண்ணத்தில் செய்கிறார்கள். அந்த இடைவெளியில் அறைக்காற்று உள்ளே போகிறது, சேமிப்பு ஏறுவதில்லை. பேக் மூச்சுக்கு மூச்சு அசைகிறதா, கார்பன் டை ஆக்சைடு அலை முழு உயரத்தில் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் மாஸ்க் அடைத்திருக்கிறது.

சிரமம் எதிர்பார்த்தால் மூக்கில் ஒரு ஆக்சிஜன் குழாயைப் போட்டு, தூங்கியதும் நிமிடத்துக்கு 15 லிட்டராக உயர்த்துங்கள். ட்யூப் தேடும் நேரத்தில் அது தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

4. மாஸ்க்கில் காற்று போகவில்லை

முதலில் உங்கள் கையைப் பாருங்கள். மாஸ்க்கை முகத்தில் அழுத்தினால் தாடை பின்னால் போய் நாக்கு தொண்டையை மூடும். தாடையைத்தான் மாஸ்க்குக்குள் தூக்க வேண்டும். விரல்கள் தாடை எலும்பின் மீது இருக்கட்டும்; மெல்லிய சதையில் பட்டால், முக்கியமாகக் குழந்தைகளில், நாக்கு மேலே தள்ளப்படும்.

சரியாகவில்லை என்றால் வாய்வழி ஏர்வே போடுங்கள். அளவு வாயோரத்திலிருந்து தாடையின் கோணம் வரை. அதுவும் போதவில்லை என்றால் இரண்டு கையாலும் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேக்கை இன்னொருவரிடம் கொடுங்கள். அழுத்தம் 15 முதல் 20 செ.மீ. நீரழுத்தத்துக்குள் இருக்கட்டும்; அதற்கு மேல் காற்று வயிற்றுக்குப் போய், வயிறு உப்பி, உதரவிதானத்தை மேலே தள்ளும்.

இதற்குப் பிறகும் காற்று போகவில்லை என்றால் மயக்கத்தின் ஆழமும் தசைத் தளர்ச்சியும் போதுமா என்று யோசியுங்கள். வேகமாகக் கொடுத்த ஓபியாய்டில் (அபின் வகை வலிநீக்கி) குரல்நாண்கள் மூடிக்கொள்வது உண்டு. அப்போது தசைத் தளர்ச்சி மருந்துதான் வழியைத் திறக்கும். "மாஸ்க்கில் போகிறது என்று உறுதியான பிறகே தளர்ச்சி மருந்து" என்ற பழைய விதியைப் பிடித்துக்கொண்டு பாதி மயக்கத்தில் போராடுவதைவிட, மருந்தைக் கொடுத்து நல்ல நிலையில் முயல்வது பெரும்பாலும் மேல்.

5. ட்யூப் ஏறவில்லை: முயற்சிகளை எண்ணுங்கள்

பிளேடு வாய்க்குள் போனால் ஒரு முயற்சி. அதிகபட்சம் 3, நான்காவது ஒன்று உண்டென்றால் அது உங்களைவிட அனுபவமுள்ளவருடையது. பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இப்படித்தான் வரையறுக்கிறது. காரணம் எளிது: ஒவ்வொரு முயற்சியும் தொண்டையை வீங்க வைக்கிறது, ரத்தம் கசிய வைக்கிறது. முதலில் எளிதாகக் காற்று போன மாஸ்க், நான்காவது முயற்சிக்குப் பிறகு போகாமல் போகலாம்.

இரண்டு முயற்சிகளுக்கு நடுவே எதையாவது மாற்றியே ஆக வேண்டும். தலையின் நிலை, பிளேடு, குரல்வளையை வெளியிலிருந்து அழுத்தி நகர்த்துவது, பூஜி, ஆள். அதே ஸ்கோப்பை அதே கையால் அதே கோணத்தில் இன்னும் பலமாகத் தூக்குவது புது முயற்சி ஆகாது.

பூஜியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் வாய்ப்புகள் வீணாகின்றன. குரல்நாண்கள் முழுதாகத் தெரியாமல் எபிகிளாட்டிஸின் (குரல்வளை மூடியின்) விளிம்பு மட்டும் தெரியும்போது, பூஜியின் வளைந்த நுனியை மேல்நோக்கி வைத்து, நடுக்கோட்டில், அந்த விளிம்பை ஒட்டி அடியில் செலுத்துங்கள். மூச்சுக்குழாயின் வளையங்களில் நுனி தட்டுவது விரலில் சின்னச் சின்னத் துடிப்பாகத் தெரியும். வளையம் தட்டவில்லை, தடையில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது என்றால் அது உணவுக்குழாய். இடத்தை உறுதிசெய்ய வேண்டுமென்று பலமாகத் தள்ளாதீர்கள், காற்றுக்குழலில் கிழிசல் வரும். ட்யூப்பை அதன்மேல் ஏற்றும்போது லாரிங்கோஸ்கோப்பை வெளியே எடுக்காதீர்கள். ட்யூப் குரல்வளையில் இடித்து நின்றால் கொஞ்சம் பின்னால் இழுத்து, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் 90 டிகிரி திருப்பிச் செலுத்துங்கள். வலது அரிட்டினாய்டில் (குரல்வளையின் பின்பக்கக் குருத்தெலும்பு) மாட்டியிருந்த நுனி விடுபடும்.

முதல் முயற்சி தோற்றதுமே உதவியைக் கூப்பிடுங்கள். மூன்றாவது தோற்ற பிறகு கூப்பிட்டால், வருகிறவர் படியேறி வருவதற்குள் நேரம் முடிந்திருக்கும்.

முயற்சிகள் முடிந்தால் எல்.எம்.ஏ. அதிலும் 3 தடவைக்கு மேல் வேண்டாம். எல்.எம்.ஏ.யில் ஆக்சிஜன் போகத் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டு யோசியுங்கள்: நோயாளியை எழுப்பலாமா, அதன் வழியே ஃபைபர்ஆப்டிக் துணையுடன் ட்யூப் போடலாமா, எல்.எம்.ஏ.யிலேயே அறுவையை முடிக்கலாமா, டிரக்கியாஸ்டமியா (கழுத்தில் மூச்சுக்குழாயைத் திறந்து வழி செய்வது)? தள்ளிவைக்கக்கூடிய அறுவை என்றால் எழுப்புவதே சரியான விடை. தசை தளர்ந்த நிலையில் எழுப்ப முடியாது. தளர்ச்சி மருந்தான ரோகுரோனியம் கொடுத்து உடனே மீட்க வேண்டுமென்றால் அதை முறிக்கும் சுகமாடெக்ஸ் கிலோவுக்கு 16 மி.கி. ஆனால் வீங்கி அடைத்துப் போன பாதையை அந்த மருந்து திறக்காது.

6. ட்யூப் எங்கே இருக்கிறது

கேப்னோகிராஃபில் (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கருவி) அலை வர வேண்டும், தொடர்ந்து வர வேண்டும், குறைந்தது 7 மூச்சு. அலை இல்லை என்றால் ட்யூப் தவறான இடத்தில் இருக்கிறது என்று முடிவு செய்யுங்கள். ட்யூப்பில் நீராவி படிவது, மார்பு ஏறி இறங்குவது, ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்பது மூன்றும் உணவுக்குழாயில் இருக்கும்போதும் ஏமாற்றும். "குரல்நாண் வழியாகப் போனதைக் கண்ணால் பார்த்தேன்" என்பதும் ஏமாற்றியிருக்கிறது.

இதயம் நின்றவருக்குக்கூட மார்பை அழுத்தும்போது சிறிய அலை வரும். அதனால் "இதயம் நின்றதால் கோடு தட்டை" என்ற விளக்கத்தை ஏற்காதீர்கள். தட்டைக்கோடு முதலில் வந்து, இதயம் பிறகு நின்றிருக்கலாம். உடனே வீடியோ ஸ்கோப்பால் பார்த்து இடத்தை உறுதிசெய்யுங்கள். முடியாவிட்டால் ட்யூப்பை எடுத்துவிட்டு மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடுங்கள்.

சரியான இடம் என்று தெரிந்த பிறகுதான் ஸ்டெதஸ்கோப்புக்கு வேலை: இரண்டு பக்கமும் காற்று போகிறதா என்று கேட்க. பற்களருகே பெண்களுக்கு 21 செ.மீ., ஆண்களுக்கு 23 செ.மீ. என்பது தொடக்க அளவு. கழுத்தை மடக்கினால் ட்யூப் உள்ளே போகும், நிமிர்த்தினால் வெளியே வரும். அதனால் நோயாளியின் நிலையை மாற்றிய ஒவ்வொரு தடவையும் மறுபடி கேளுங்கள். கஃப் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தம்.

7. ட்யூப்பும் ஆகவில்லை, ஆக்சிஜனும் போகவில்லை

மாஸ்க், எல்.எம்.ஏ., ட்யூப் மூன்றிலும் ஆக்சிஜன் போகவில்லை என்றால் அதைச் சத்தமாக அறிவியுங்கள்: "ட்யூப் போட முடியவில்லை, ஆக்சிஜனும் போகவில்லை. கழுத்து வழியாகப் போகிறேன்." இந்த வாக்கியம்தான் இந்தப் படியிலேயே மிகக் கடினமானது. கத்தி எடுப்பதைவிட, எடுக்கப்போகிறேன் என்று ஒப்புக்கொள்ள அதிக நேரம் போகிறது. சாச்சுரேஷன் இன்னும் 80இல் இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். விரல்நுனியில் காட்டும் எண் உண்மையான நிலைக்குப் பின்தங்கி வரும்.

தசைத் தளர்ச்சி முழுமையாக இருக்கட்டும். மேலே இருந்து ஆக்சிஜன் கொடுப்பதை ஒருவர் நிறுத்தாமல் தொடரட்டும். இது பெரியவர்களுக்கான முறை.

கழுத்தை நன்றாகப் பின்னால் சாயுங்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவர் நோயாளியின் இடப்பக்கம் நிற்பது வசதி. இடக்கையின் பெருவிரலாலும் நடுவிரலாலும் குரல்வளையை இருபுறமும் பிடித்து அசையாமல் நிறுத்தி, சுட்டுவிரலால் மென்சவ்வைத் தொடுங்கள்.

ஸ்கால்பெல்லின் கூர்பக்கம் உங்களை நோக்கி இருக்க, தோலையும் சவ்வையும் ஒரே குத்தாகக் குறுக்கே துளையுங்கள். கத்தியை வெளியே எடுக்காமல் கூர்பக்கம் நோயாளியின் காலை நோக்கும்படி 90 டிகிரி திருப்புங்கள். கத்தியைக் கைமாற்றி, மெதுவாக உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்தால் கத்திக்கு அப்பால் ஒரு முக்கோண இடைவெளி திறக்கும். பூஜியின் வளைந்த நுனியைக் கத்தியின் தட்டைப் பக்கத்தை ஒட்டி அந்த இடைவெளிக்குள் 10 முதல் 15 செ.மீ. செலுத்துங்கள். இப்போதுதான் கத்தி வெளியே வரலாம். பூஜி உள்ளே போகும் முன் கத்தியை எடுத்தால் துளை மூடிக்கொள்ளும், ரத்தத்தில் அதை மறுபடி கண்டுபிடிப்பது கடினம். பயிற்சி மாடலில் அதிகம் பார்க்கும் தவறு இது.

ஜெல் தடவிய 6.0 ட்யூப்பை பூஜிமேல் சுழற்றிக்கொண்டே ஏற்றுங்கள். கஃப் கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்துங்கள். இன்னும் தள்ளினால் ஒரு பக்க நுரையீரலுக்குள் போய்விடும். பூஜியை எடுத்து, கஃப்பை ஊதி, 100 சதவீத ஆக்சிஜன், கேப்னோகிராஃப் அலை.

சவ்வு விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால், கழுத்தின் நடுக்கோட்டில் கீழிருந்து மேலாக 8 முதல் 10 செ.மீ. நீளத்துக்குத் தோலைத் திறந்து, இரு கை விரல்களாலும் சதையை விலக்கிக் குரல்வளையைத் தொடுங்கள். பிறகு மேலே சொன்ன அதே முறை. ரத்தம் கொட்டும். அதை நிறுத்துவது அடுத்த வேலை.

8. நடுவில் அழுத்தம் ஏறினால்

அறுவை நடந்துகொண்டிருக்கும்போது அலாரம் அடிக்கிறது, மூச்சழுத்தம் 40ஐத் தாண்டுகிறது. உடனே சால்பியூட்டமாலை (மூச்சுக்கிளைக் குழல்களை விரிக்கும் மருந்து) தேடாதீர்கள். முதலில் 100 சதவீத ஆக்சிஜன், வென்டிலேட்டரிலிருந்து கைக்கு மாற்றம். பேக்கின் இறுக்கம் உங்கள் கைக்குத் தெரிய வேண்டும்.

மெஷினிலிருந்து வாய் வரை கண்ணால் ஒரு ஓட்டம்: குழாய் மடங்கியிருக்கிறதா, யாராவது சாய்ந்து நிற்கிறார்களா, நோயாளி ட்யூப்பைக் கடிக்கிறாரா. பிறகு ட்யூப்புக்குள் சக்ஷன் குழாயை விடுங்கள். போகவில்லை என்றால் அடைப்பு ட்யூப்பில்: மடிப்பு, சளிக்கட்டி, நுனியை மூடிய கஃப். கஃப்பை இறக்கிப் பாருங்கள். அப்படியும் திறக்கவில்லை என்றால் ட்யூப்பை மாற்றுங்கள்.

சக்ஷன் சுலபமாகப் போகிறது என்றால் மார்பைக் கேளுங்கள். வலப்பக்கம் மட்டும் சத்தம் இருந்தால் ட்யூப் ஆழமாகப் போயிருக்கிறது, 1 அல்லது 2 செ.மீ. இழுங்கள். ஒரு பக்கம் சத்தமில்லை, ரத்த அழுத்தமும் விழுகிறது என்றால் நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருக்கலாம். எக்ஸ்ரேக்குக் காத்திராமல் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். ரத்த அழுத்த வீழ்ச்சியோடு தோல் சிவந்தால், அல்லது மருந்து கொடுத்த சில நிமிடங்களில் நடந்தால், ஒவ்வாமை அதிர்ச்சி: அட்ரினலின் 50 மைக்ரோகிராம் ரத்தநாளத்தில், தேவைக்கேற்பத் திரும்பவும். 1:10,000 கரைசலில் அது 0.5 மி.லி. தோல் சிவக்காமலும் வரும் என்பதை மறக்காதீர்கள்.

இரண்டு பக்கமும் வீசிங், கேப்னோகிராஃப் அலையின் மேல்பகுதி சாய்ந்து சுறாமீன் துடுப்புபோல் ஏறுகிறது என்றால் மூச்சுக்கிளைக் குழல்களின் இறுக்கம். மிகச் சாதாரணக் காரணம் மயக்கம் ஆழமாக இல்லாதது. அறுவையை நிறுத்தச் சொல்லி, மூச்சுவழி மயக்க மருந்தான செவோஃப்ளூரேனைக் கூட்டுங்கள், அல்லது ப்ரோபோஃபால். டெஸ்ஃப்ளூரேன் எரிச்சலூட்டும், வேண்டாம். சால்பியூட்டமால் இன்ஹேலரை அடாப்டர் வழியே 8 முதல் 10 தடவை, ஒவ்வொன்றும் மூச்சு உள்ளே போகத் தொடங்கும் நொடியில். இவ்வளவு ஏன் என்றால் பெரும்பகுதி ட்யூப்பின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அடங்கவில்லை என்றால் மக்னீசியம் சல்ஃபேட் 2 கிராம் 20 நிமிடத்தில். ஹைட்ரோகார்ட்டிசோன் 200 மி.கி. கொடுக்கலாம், பலன் மணிக்கணக்கில்தான் வரும். உயிருக்கு ஆபத்தான நிலையில் அட்ரினலின் 10 மைக்ரோகிராமில் தொடங்கி.

மூச்சு எண்ணிக்கையைக் குறைத்து வெளிமூச்சுக்கு நேரம் விடுங்கள். கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறட்டும். பேக்கை வேகமாக அமுக்கினால் உள்ளே போன காற்று வெளியே வராமல் சேர்ந்து இதயத்தை நெருக்கும். ரத்த அழுத்தம் திடீரென விழுந்தால் ட்யூப்பை சர்க்யூட்டிலிருந்து சில நொடிகள் கழற்றி, நெஞ்சை வெளியே ஊத விடுங்கள்.

9. வயிற்றில் உள்ளது மேலே வந்தால்

தலைப்பக்கத்தைத் தாழ்த்துங்கள், முடிந்தால் நோயாளியைப் பக்கவாட்டில் திருப்புங்கள், சக்ஷன். பேக்கை அமுக்குவது அதற்குப் பிறகு. முதலில் அமுக்கினால் வாயில் உள்ளதை நீங்களே நுரையீரலுக்குள் தள்ளுகிறீர்கள். ட்யூப் போட்டதும், சாச்சுரேஷன் இடம் கொடுத்தால், காற்றுச் செலுத்தும் முன் மூச்சுக்குழாயை உறிஞ்சிவிடுங்கள். திடத்துணுக்குகள் என்றால் பிராங்கோஸ்கோபி (காட்சிக்குழலை மூச்சுக்குழல்களுக்குள் விட்டு எடுப்பது). உப்புநீர் விட்டுக் கழுவ வேண்டாம், அமிலம் இன்னும் பரவும். ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் வழக்கமாகத் தேவையில்லை.

தடுப்பு இதைவிட எளிது: தெளிந்த நீர் 2 மணி நேரம், தாய்ப்பால் 4, லேசான உணவு 6, எண்ணெய்ப் பதார்த்தம் அல்லது இறைச்சி 8. அவசர அறுவையில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். வலியும் ஓபியாய்டும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். வயிறு நிறைந்திருப்பதாகவே எடுத்துக்கொண்டு, வேகத் தொடர்முறையில் (மயக்க மருந்தும் தளர்ச்சி மருந்தும் அடுத்தடுத்துக் கொடுத்து உடனே ட்யூப் போடுவது) மயக்கம் கொடுங்கள்.

10. ட்யூப் எடுக்கும் நேரம்

பிரிட்டனில் 2011இல் வெளியான தேசியத் தணிக்கையில், மயக்கம் தொடர்பான கடும் சுவாசப்பாதை நிகழ்வுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மயக்கம் தெளியும்போதோ மீட்பு அறையிலோ நடந்தது. போடும்போது இருந்த ஆட்களும் கவனமும் எடுக்கும்போது கலைந்திருக்கும். அறுவை முடிந்தது என்று விளக்கை அணைத்துப் பாட்டுப் போடுகிற நேரம் அது. எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லுங்கள்.

100 சதவீத ஆக்சிஜன். தொண்டையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சக்ஷன் செய்யுங்கள். மூக்கு, வாய், டான்சில் அறுவை என்றால் உள்நாக்குக்கு மேலே, மூக்கின் பின்பக்கத்தில் ரத்தக்கட்டி ஒளிந்திருக்கும். கழுத்தை மடக்கிப் பார்த்து எடுங்கள். தொண்டையில் வைத்த துணிப்பொதியை எண்ணி வெளியே எடுத்துப் பலகையில் எழுதுங்கள்.

தசை மீட்பை நரம்புத் தூண்டல் கருவியால் அளந்து, நான்கு தொடர் தூண்டலில் முதல் துடிப்போடு ஒப்பிட்ட நான்காவது துடிப்பின் விகிதம் 0.9க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். தலையை 5 நொடி தூக்கினார் என்பது போதாது.

கடைவாய்ப் பற்களுக்கு நடுவே துணிச்சுருள் ஒன்றை வையுங்கள். ட்யூப்பைக் கடித்துக்கொண்டு பலமாக மூச்சிழுத்தால் நுரையீரலில் நீர் கோக்கும். கடித்துவிட்டால் கஃப்பை இறக்குங்கள், பக்கவாட்டில் காற்றுக்கு வழி கிடைக்கும்.

எடுப்பது முழு விழிப்பில், அல்லது முழு ஆழத்தில். நடுநிலையில் தொடாதீர்கள். கண்ணைத் திறக்கச் சொன்னால் திறக்கிறார், மூச்சு சீராக வருகிறது என்றால் விழிப்பு. இருமல் மட்டும் விழிப்பு ஆகாது. நுரையீரலை நிரப்பிவிட்டு, கஃப்பை இறக்கி, ட்யூப்பை எடுங்கள். முதலில் வருவது வெளிமூச்சாக இருந்தால் குரல்நாண்மேல் உள்ள சளி வெளியே தெறிக்கும்.

11. குரல்வளை இறுக்கம்

குழந்தைகளில் அதிகம். சளி பிடித்துச் சில நாளே ஆன குழந்தை, வீட்டில் புகைபிடிப்பவர் உள்ள குழந்தை, டான்சில் அறுவை ஆகியவற்றில் இன்னும் அதிகம். ட்யூப் எடுத்து அரை நிமிடம். கழுத்துக்குழி உள்ளே இழுக்கிறது, மார்பும் வயிறும் எதிரெதிராக அசைகின்றன, தொண்டையில் கீச்சென்ற சத்தம். பேக் அசையவில்லை.

பிறகு சத்தம் நிற்கிறது. புதியவர்கள் "சரியாயிடுச்சு" என்று பெருமூச்சு விடும் இடம் இதுதான். கீச்சொலி வரும்வரை கொஞ்சமாவது காற்று போகிறது. ஒலி நின்று கேப்னோகிராஃபும் தட்டையாக இருந்தால் குரல்வளை முழுதாக மூடிவிட்டது.

தூண்டலை நிறுத்துங்கள்: தையல், சக்ஷன், ஏர்வே நகர்த்தல் எல்லாவற்றையும். 100 சதவீத ஆக்சிஜனுடன் மாஸ்க்கை இறுக்கி, தொடர் நேரழுத்தம் (CPAP) கொடுங்கள். தாடையைத் தூக்குங்கள். அதோடு, காதுமடலுக்குப் பின்னால், தாடை எலும்பின் பின்விளிம்புக்கும் காதின் பின்னெலும்புக்கும் நடுவே உள்ள குழியின் மேல்முனையில் நடுவிரலை வைத்து, இரு பக்கமும் மண்டையோட்டை நோக்கி உள்ளே அழுத்தியபடியே தாடையை முன்னால் தள்ளுங்கள். வலிக்கும் அளவுக்குப் பலம் வேண்டும். ஓரிரு மூச்சில் திறக்கும் இறுக்கங்கள் நிறைய. பேக்கைப் பலமாக அமுக்கித் திறக்க முயன்றால் காற்று வயிற்றுக்குத்தான் போகும்.

திறக்கவில்லை, சாச்சுரேஷன் இறங்குகிறது என்றால் ப்ரோபோஃபால் கிலோவுக்கு 0.5 மி.கி. இன்னும் இல்லை என்றால் சக்சினைல்கோலின். சாச்சுரேஷன் எங்கே நின்றால் கொடுக்கலாம் என்று விவாதிக்கும் நிலைக்குப் போகாதீர்கள், இறங்கும்போதே கொடுங்கள். 20 கிலோ குழந்தைக்குக் கணக்கு: ப்ரோபோஃபால் 10 மி.கி., அதாவது 1 சதவீதக் கரைசலில் 1 மி.லி.; சக்சினைல்கோலின் ரத்தநாளத்தில் இறுக்கத்தைத் தளர்த்த 10 மி.கி., ட்யூப் போடவும் சேர்த்து என்றால் 20 முதல் 30 மி.கி.; ஊசிவழி இல்லாவிட்டால் தசையில் கிலோவுக்கு 4 மி.கி. வீதம் 80 மி.கி. அட்ரோபின் 0.4 மி.கி. கூடவே தயாராக, குழந்தையின் இதயத்துடிப்பு சாச்சுரேஷனைத் தொடர்ந்து விழும். துடிப்பு விழுந்தால் முதல் மருந்து ஆக்சிஜன் என்பது மாறாது.

வீரிய வெப்பநோய் (மயக்க மருந்தால் உடல் வெப்பம் ஆபத்தாக ஏறும் மலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா) வரலாறு, தசைச்சிதைவு நோய், பழைய பெரிய தீக்காயம், நீண்ட நாள் செயலிழந்த தசை ஆகியவை இருந்தால் சக்சினைல்கோலின் கூடாது. ரோகுரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி. போட்டு ட்யூப் போடுங்கள்.

திறந்த பிறகு வயிற்றுக் காற்றை வெளியேற்றுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் இருமலோடு இளஞ்சிவப்பு நுரை வந்தால், மூடிய குரல்வளைக்கு எதிராக மூச்சிழுத்ததில் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. ஆக்சிஜனும் நேரழுத்தமும் கொடுத்தால் பெரும்பாலும் 1, 2 நாளில் வடியும். ஆரோக்கியமான, தசைக்கட்டுள்ள இளைஞர்களிடம் இது அதிகம். பலமாக இழுக்க முடிகிறவர்கள் அவர்கள்தான்.

12. மீட்பு அறையும் எழுதி வைப்பதும்

ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது சாச்சுரேஷன் 99 என்பது மூச்சு போதுமான அளவில் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. மூச்சு எண்ணிக்கையை 1 நிமிடம் முழுதாக எண்ணச் சொல்லுங்கள்.

தைராய்டு, கழுத்து அறுவை முடிந்தவர் அமைதியிழந்து எழுந்து உட்காரப் பார்த்தால், குரல் மாறினால், விழுங்கச் சிரமப்பட்டால், கழுத்துக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ரத்தம் தேங்கியிருக்கலாம். சாச்சுரேஷன் விழுவது கடைசி அறிகுறி. கழுத்து இறுகி மூச்சு திணறினால் தியேட்டருக்குக் கொண்டுபோகும் வரை காத்திருக்காமல் படுக்கையிலேயே தையலை வெட்டி, தோலையும் தசை அடுக்கையும் திறந்து ரத்தக்கட்டியை வெளியேற்ற வேண்டும். ட்யூப் அதற்குப் பிறகு. கத்தரியும் தையல் வெட்டியும் தலைமாட்டில் இருக்கிறதா என்று நோயாளியை ஒப்படைக்கும்போதே காட்டிவிடுங்கள்.

சிக்கல் நடந்தால் குறிப்பேட்டில் "சிரமமான ட்யூப்" என்று மட்டும் எழுதாதீர்கள். மாஸ்க்கில் காற்று போனதா, எந்த பிளேடில் என்ன தெரிந்தது, எத்தனை முயற்சி, கடைசியில் எது பலித்தது, எந்த அளவு ட்யூப் என்று எழுதுங்கள். தெளிந்த பிறகு நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்லி, அதே விவரத்தைக் கடிதமாகக் கொடுங்கள். முயற்சிகள் பலமுறை நடந்திருந்தால் கழுத்துவலி, காய்ச்சல், விழுங்கும்போது நெஞ்சுவலி, தோலுக்கடியில் நறநறவென்ற காற்று ஆகியவை வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள்; தொண்டையிலோ உணவுக்குழாயிலோ ஏற்பட்ட கிழிசல் முதல் நாளில் தெரியாமல் இருக்கலாம்.